பக்கத்துக் காட்டுக்காரர் மீது மனுக் கொடுக்கலாமா?

கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் தை மாதத்தில் களத்துக்கு வந்துவிடும். பருத்தி அப்படியல்ல. புரட்டாசியில் எல்லாவற்றையும் சேர்த்து விதைத்தாலும் பங்குனி வரை பருத்தி காட்டிலேயே நிற்கும். அறுப்பு முடிந்த காட்டில் யார் வீட்டு ஆடுமாடும் மேயலாம் என்பது பழைய வழக்கம். இதனால் இளையரசனேந்தல் போன்ற மானாவாரி ஊர்களில் மாசி பிறந்தால் சச்சரவும் பிறக்கிறது. உளுந்து எடுத்த காட்டில் மேய்கிற ஆடு வரப்பைத் தாண்டினால் அடுத்தது பருத்தி. மேய்ப்பவர் வேப்ப மர நிழலில் கண் அசந்த நேரத்தில் இருபது செடி மொட்டையாகிவிடும்.

அப்போது பருத்திக்காரர் என்ன செய்வது? ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போடலாம். ஆடுகளைப் பிடித்துக் கட்டலாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். போனால் போகிறது என்று விட்டும்விடலாம். நான்குமே வழிதான். எந்தக் குற்றத்துக்கு எந்த வழி என்று தெரியாமல் போவதால்தான், இருநூறு ரூபாய்ச் சேதத்துக்காக இரண்டு குடும்பங்கள் பத்து வருஷம் பேசாமல் இருப்பதும், மறுபுறம் சொல்லியே ஆக வேண்டிய விஷயத்தை ஊரே பார்த்துக்கொண்டு சும்மா இருந்து ஓர் உயிர் போவதும் நடக்கின்றன.

ஆடு மேய்ந்தால்

கால்நடை அத்துமீறலுக்கு 1871ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பயிரை அழிக்கும் கால்நடையைப் பயிருக்கு உடையவர் பிடிக்கலாம். பிடித்த 24 மணி நேரத்துக்குள் பவுண்டில், அதாவது கொண்டித் தொழுவில், ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் விதி. வீட்டுத் தொழுவத்தில் இரண்டு மூன்று நாள் கட்டிவைத்துப் பேரம் பேச அதில் இடமில்லை. ஆட்டை அடித்துக் கால் ஒடித்தால் குற்றவாளி பருத்திக்காரர்தான். முறைகேடாகப் பிடித்தார் என்று ஆட்டுக்காரர் பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். கொண்டித் தொழு இன்று பல ஊர்களில் பெயரளவில்தான் இருக்கிறது என்பது வேறு கதை.

சட்டம் இப்படி இருந்தாலும் ஊர்கள் இதைச் சட்டப்படி தீர்த்துக்கொள்வது குறைவு. நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வடக்கே சாஸ்டா என்ற மாவட்டத்தில், மாடு வளர்ப்பவர்களும் பக்கத்து நிலக்காரர்களும் மாடு புகுந்த தகராறுகளை எப்படித் தீர்க்கிறார்கள் என்று ராபர்ட் எல்லிக்சன் என்ற சட்டப் பேராசிரியர் போய்ப் பார்த்து 1991இல் ஒரு நூல் எழுதினார். அந்த மாவட்டத்தில் ஒரு பகுதியில் மாட்டுக்காரர் நஷ்டஈடு கொடுத்தே தீர வேண்டும். வேறொரு பகுதியில் பெரும்பாலும் கொடுக்க வேண்டியதில்லை. சட்டம் இரண்டு விதம். மக்களோ இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். மாடு வந்துவிட்டால் உடையவருக்குப் போன் செய்கிறார்கள். அவர் வந்து கூட்டிப்போகும் வரை தீனி போடுகிறார்கள். அதற்குக் காசு வாங்குவதில்லை. இன்று அவர் மாடு, நாளை நம் மாடு என்று மனக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப மாட்டை அவிழ்த்துவிட்டால் முதலில் அவரைப் பற்றி ஊர் பேசும். அதற்கும் மசியாவிட்டால் எச்சரிக்கை. அதன் பிறகே அதிகாரிகளிடம் முறையீடு. கோர்ட்டுக்குப் போவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் மன்னித்துக்கொண்டே போவதில்லை என்பதுதான். ஒவ்வொரு படியாக ஏறுகிறார்கள். முதல் தடவையே மேல் படிக்குப் போனவரை அங்கே நல்ல அண்டை வீட்டுக்காரர் என்று மதிப்பதில்லை. ஐந்தாவது தடவையும் முதல் படியிலேயே நிற்பவரோ ஏமாளி ஆகிறார்.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. ஆந்திராவின் கர்நூல் மாவட்டத்துக் கிராமங்களை ஆராய்ந்த ராபர்ட் வேட் 1988இல் எழுதிய நூலில், ஊர்ப் பொதுப் பணத்தில் சம்பளம் கொடுத்துப் பயிர்க்காவலர் வைத்திருந்த ஊர்களைப் பற்றிச் சொல்கிறார். வயலில் புகுந்த மாட்டைக் காவலர் பிடிப்பார். அபராதம் ஊர் நிதிக்குப் போகும். இந்த ஏற்பாட்டின் நன்மை எளிதில் விளங்கக்கூடியது. பிடித்தவர் பக்கத்துக் காட்டுக்காரர் அல்ல, காவலர். ஆகவே பகை இல்லை. நெல்லைச் சீமையில் கண்மாய்ப் பாசனத்துக்கு நீர்பாய்ச்சி வைத்திருந்ததும் இதே காரணத்துக்காகத்தான். தண்ணீரை அவரவர் திறந்துகொண்டால் தினம் ஒரு வெட்டுக்குத்து. மூன்றாம் மனிதர் ஒருவர் மடையைத் திறந்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. பருத்தி நிற்கும் இரண்டு மாதத்துக்கு மட்டும் காட்டுக்காரர்கள் சேர்ந்து கூலி கொடுத்து ஒருவரைக் காவல் வைத்தால், ஆளுக்கு விழும் செலவு ஒரு மனு எழுதி டவுனுக்கு அலைகிற செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆடு மேய்ப்பவர்களில் பலருக்குச் சொந்தக் காடு கிடையாது. பெரிய சம்சாரியின் டிராக்டர் வரப்பை ஏறி உடைத்துவிட்டுப் போனால், “பரவாயில்லை அண்ணாச்சி” என்று சொல்லும் அதே வாய், ஆட்டுக்காரப் பெண்ணிடம் “ஸ்டேஷனுக்கு வா” என்கிறது. சேதம் இரண்டிலும் ஒன்றே. யார் செய்தார் என்பதைப் பார்த்து முறையிடுபவர், உண்மையில் விதியைக் காப்பாற்றவில்லை. தவிர, கிடைக்காரரிடம் பகைத்துக்கொண்டால் அடுத்த கோடையில் அந்தக் காட்டில் கிடை விழாது. பத்து வண்டி எரு வாங்கும் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கோபப்படுவது நல்லது.

சும்மா இருந்தால் உரிமை போகுமா?

போகும். ஆட்டு விஷயத்தில் பொறுத்துப்போவதால் நஷ்டம் அந்தச் செடிகளோடு நின்றுவிடும். வரப்பு, வண்டிப்பாதை விஷயங்களில் அப்படி இல்லை.

உழும்போதெல்லாம் வரப்பை அரை முழம் நகர்த்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. பட்டா நிலத்தில் ஒருவர் தம்முடையது என்றே சொல்லிப் பகிரங்கமாக, தடையின்றி 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், உடையவர் அதைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடும் காலக்கெடு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி முடிந்துபோகும். பாதைக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். ஒருவர் உரிமை போலவே 20 ஆண்டுகள் இடையறாமல் வண்டி ஓட்டினால் அது உரிமையாகவே ஆகிவிடும்.

ஆனால் இதற்கு மருந்து மனு அல்ல. பாதை விஷயத்தில், அனுமதியின் பேரில் நடப்பவருக்கு அந்த உரிமை வளராது. “மாப்பிள்ளை, அறுப்புக் காலத்தில் என் காட்டு வழியாக வண்டி கொண்டு போய்க்கொள். நான் சம்மதித்துத்தான் போகிறாய் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு” என்று கேட்டு வாங்கிய துண்டுச் சீட்டு போதும். உறவும் கெடாது, நிலமும் போகாது. எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சப்படுபவர்கள், தம் பேரன் காலத்தில் அவர் பேரனோடு கோர்ட்டில் நிற்க வேண்டி வரலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரப்புக்கு வழி அளவைதான். எஃப் லைன் அளவை கேட்டுக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், சர்வேயர் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் கொடுத்து, புலப்படத்தை வைத்து அளந்து எல்லையைக் காட்டுவார். இதைப் புகாராகக் கொடுக்காமல், முடிந்தால் இருவரும் சேர்ந்து கட்டணத்தைப் பாதியாகப் போட்டு விண்ணப்பிப்பது உத்தமம். ஏனென்றால் வரப்பை நகர்த்தியவர் யார் என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாத ஊர்கள் இவை. ஜமீன் நிலங்கள் 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தின் கீழ் ரயத்துவாரியாக மாறின. பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவில் பெயரும் உட்பிரிவும் மாறிப்போன பட்டாக்கள் எத்தனையோ. பக்கத்துக்காரர் திருடிவிட்டார் என்று பத்து வருஷம் பொருமியவர், அளந்த பிறகு தாமே மூன்று முழம் உள்ளே போயிருப்பது தெரிந்து வாயடைத்துப் போவதும் உண்டு. அளப்பதற்கு முன் “கள்ளன்” என்ற சொல்லை வாயில் எடுக்காதிருப்பது நல்லது. எல்லைக்கல்லைப் பிடுங்குவது மட்டும் வேறு ஜாதி. அது கைத்தவறு அல்ல, தெரிந்து செய்வது. அதை உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஓடையும் கண்மாயும்

இதுவரை சொன்னவை எல்லாம் இரண்டு காட்டுக்காரர்களுக்கு இடையில் உள்ளவை. தன் பருத்தியைத் தின்ற ஆட்டை ஒருவர் மன்னிக்கலாம். ஊருக்குச் சொந்தமான ஓடையை உழுதவரை மன்னிக்க எந்தத் தனி மனிதருக்கும் அதிகாரம் இல்லை.

மானாவாரிப் பகுதியில் ஓடை வருஷத்தில் பத்து நாள்கூட ஓடாது. அதனால் ஆண்டுக்கு இரண்டு சால் சேர்த்து உழுவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்தால்தான் தெரியும். போக வழியில்லாத தண்ணீர் மேல்காட்டு உளுந்தை மூன்று நாளில் அழுக வைக்கும். கீழே கண்மாய் பாதிகூடப் பெருகாது. செய்தவர் ஒருவர்; நஷ்டப்பட்டவர் ஆயக்கட்டு முழுவதும்.

புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு 1905ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஊரில் ‘பி மெமோ’ என்று சொல்வது அதன் கீழ் வருவதுதான். கண்மாய்களுக்கென்றே 2007இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் எடுத்த எடுப்பில் தனி ஆள் மனுவைவிட கிராம சபை நல்லது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட்ட ஏற்பாடு செய்யப்பட்டது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஓடை, கண்மாய்ப் பேச்சை எடுக்க அது தோதான நாள். மழைக்கு முன் வேலை முடிக்கவும் அவகாசம் இருக்கும். கேட்கும் முறையிலும் நியாயம் வேண்டும். ஓடையோரத்தில் எட்டுப் பேர் உழுதிருக்க, பிடிக்காத ஒருவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பது பழிவாங்கல். “ஓடையைத் தலையிலிருந்து கண்மாய் வரை அளக்க வேண்டும், என் காட்டு ஓரம் உட்பட” என்று கேட்டால் அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் வராது.

வண்டல் மண் இதற்குள் ஒரு தனி விஷயம். கண்மாய் வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கத் தாசில்தாரே அனுமதி கொடுக்கும் முறை 2024இல் வந்தது. அனுமதிச் சீட்டுக்கு மேல் இரண்டு டிரிப் கூடுதலாக ஓட்டிய சிறு விவசாயியைக் காட்டிக்கொடுப்பதால் ஊருக்கு ஒரு பலனும் இல்லை. கண்மாய்க்கு அது ஆழமே. அதே மண்ணைச் சூளைக்கும் மனைக்கும் விற்றால் அது வியாபாரம். கரை அடியை ஒட்டித் தோண்டினாலோ கரையே இளகிவிடும். ஒரே விதியை மீறிய மூன்று பேர். விட்டுவிட வேண்டியவர் ஒருவர், சொல்ல வேண்டியவர் ஒருவர், இன்றைக்கே நிறுத்த வேண்டியவர் ஒருவர்.

அடங்கலில் பொய்

பயிர்க் காப்பீட்டில் விதைக்காத தரிசை விதைத்ததாகக் காட்டுவதை, “அரசாங்கப் பணம்தானே, அவன் பிழைத்துப் போகட்டும்” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் கணக்குத் தெரிய வேண்டும். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நஷ்டம் பெரும்பாலும் தனித்தனிக் காட்டுக்குப் பார்க்கப்படுவதில்லை. பொதுவாகக் கிராமம் அல்லது பிர்கா என்ற அலகுக்கே மகசூல் கணக்கிடப்படுகிறது. ஓர் அலகில் காப்பீடு செய்த பரப்பு உண்மையில் விதைத்த பரப்பைவிடக் கூடிவிட்டால், எல்லோருடைய காப்பீட்டுத் தொகையையும் அதே விகிதத்தில் குறைக்க விதிமுறை இடம் கொடுக்கிறது. 1000 ஏக்கர் விதைத்த அலகில் 1250 ஏக்கருக்குக் காப்பீடு இருந்தால், நூறு ரூபாய் வர வேண்டிய இடத்தில் எண்பதுதான். பொய் எழுதியவருக்கு எண்பது கிடைக்கும்; உண்மையாக விதைத்தவருக்கு இருபது போகும்.

இருந்தும் பக்கத்துக்காரர் பெயரைச் சொல்லித்தான் இதைத் தடுக்க வேண்டும் என்பதில்லை. அடங்கல் எழுதும் காலத்தில் கிராம நிர்வாக அலுவலர் காட்டுக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் போதும். விதைப்புக் காலத்தில் கேட்க வேண்டியதை இழப்பீடு வந்த பிறகு கேட்பது வீண்.

ஒரு ராத்திரிகூடப் பொறுக்கக் கூடாதது

காட்டுப் பன்றித் தொல்லை கரிசல் காட்டில் பெருத்துவிட்டது. ஒரே இரவில் அரை ஏக்கர் மக்காச்சோளத்தைச் சாய்த்துவிடும். அதற்காக மோட்டார் ரூமிலிருந்து நேராகக் கம்பிக்குக் கரண்ட் கொடுத்து வேலி போடுபவர்கள் உண்டு. செய்பவர் கெட்டவர் அல்ல. கடன் வாங்கி விதைத்தவர். ஊரும் அந்த இரக்கத்தில் பேசாமல் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பிக்குப் பன்றியும் மனிதரும் ஒன்றே. விடியற்காலையில் மாடு தேடிப் போகிறவர், குறுக்கு வழியில் வருகிற கூலியாள், வைத்தவர் வீட்டுப் பிள்ளையே கூட அதில் மாட்டலாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி வைத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன. அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது.

இதில் படிப்படியாக ஏறும் பேச்சுக்கு இடமில்லை. தெரிந்த அன்றே பகலில் அவரிடம், “சித்தப்பா, இதை இப்போதே கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நானே லைன்மேனிடம் சொல்லிவிடுவேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். பொழுது சாயும் முன் கழற்றவில்லை என்றால் சொல்லிவிட வேண்டும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கோ, 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்கோ தெரிவிக்கலாம். தாமாகப் போய்க் கம்பியை அறுக்க முயலக் கூடாது. உறவுக்காரர் ஆயிற்றே என்று தயங்குபவருக்கு ஒரு வார்த்தை: உயிர் போன பிறகு அந்த உறவுக்காரர் மீது வருவது அபராதம் அல்ல, மரணத்துக்குக் காரணமான கிரிமினல் வழக்கு. கழற்றச் சொல்லுவதே அவருக்குச் செய்யும் உதவி.

பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடியும், மயிலுக்கு விஷம் கலந்து தூவும் தானியமும் இதே வரிசையில்தான். கன்றுக்குட்டியும் குழந்தையும் பேதம் அறியாமல் அவற்றில் வாய் வைக்கும், கை வைக்கும். மயிலைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கடும் குற்றமும் ஆகும். பன்றிக்கு வேறு வழி கேட்கலாம்: காப்புக் காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடும் ஏற்பாட்டை அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் தந்ததும் உண்டு; அந்தந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். கரண்ட் வேலியைக் கழற்றச் சொல்பவர் கூடவே இந்த மனுவிலும் ஒரு கையெழுத்துப் போட்டால் பேச்சு எடுபடும்.

மனு எழுதுவதானால்

பெயர் போடாத மொட்டை மனு வேண்டாம். அதை அதிகாரிகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் ஊர் ஒதுக்காது. இவர் எழுதியிருப்பாரோ, அவர் எழுதியிருப்பாரோ என்று சம்பந்தமில்லாத நான்கு பேர் மீது சந்தேகம் விழும். கையெழுத்துப் போடத் தயங்கும் விஷயம் என்றால் அது மனுக் கொடுக்கும் அளவுக்கு முற்றவில்லை என்றே கொள்ளலாம். உயிருக்கு ஆபத்தானதைப் போனில் சொல்வது மட்டும் இதற்கு விலக்கு.

கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்: சர்வே எண், தேதி, என்ன நடந்தது, முன்பு எப்போது நேரில் சொல்லப்பட்டது. “அவர் எப்போதுமே இப்படித்தான்” என்பது போன்ற வரிகள் மனுவைப் பலவீனப்படுத்தும். பொய் என்று தெரிந்தே ஒருவருக்குத் தீங்கு செய்ய அரசு ஊழியரிடம் தகவல் கொடுப்பது, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியது.

எந்த ஆபீசுக்கு என்பதும் இந்தப் பகுதியில் ஒரு கேள்விதான். இளையரசனேந்தல் பிர்கா சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது. 2008இல் வருவாய்த் துறை வகையில் அதைப் பிரித்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி தாலுகாவில் சேர்த்தார்கள். ஊராட்சி விஷயங்களோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே நீடித்தன. அந்த ஒன்றியம் 2019இல் தென்காசி மாவட்டத்துக்குள் போயிற்று. ஓர் ஊருக்கு இரண்டு மாவட்டமா என்று மக்கள் பல ஆண்டுகள் போராடியது தெரிந்த கதை. ஆகவே பஸ் ஏறுமுன், பட்டாவில் எந்த வட்டம் என்றும், வீட்டு வரி ரசீதில் எந்த ஒன்றியம் என்றும் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். எல்லை, புறம்போக்கு, அடங்கல் ஆகியவை தாலுகா அலுவலகத்துக்கு. ஊராட்சிப் பாதையும் வாறுகாலும் ஒன்றியத்துக்கு. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பக் கூடாது.